அந்தப் பையன் வேறு, நான் வேறா?

கேட்டவர் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு இப்போது 44 வயது. 19 வயதில் கல்லூரி விடுதியில் இருந்தபோது அறைத் தோழனின் பெட்டியிலிருந்து 600 ரூபாய் எடுத்திருக்கிறார். சந்தேகம் மெஸ்ஸில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பையன் மேல் விழுந்தது. அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். இவர் வாய் திறக்கவில்லை. பிற்பாடு தத்துவம் படிக்க ஆரம்பித்திருக்கிறார். "நிலையான 'நான்' என்று ஒன்று கிடையாது என்று பௌத்தம் சொல்கிறது, ஹியூமும் சொல்கிறார். அப்படியானால் அன்று பணம் எடுத்தவனும் இன்றைய நானும் ஒரே ஆள் இல்லை. அவன் செய்ததற்கு நான் ஏன் தூக்கம் கெட வேண்டும்? இது சரியான வாதமா, இல்லை சப்பைக்கட்டா?" இதுதான் கேள்வி.

இரண்டும்தான் என்பது என் பதில். நல்ல வாதம் ஒன்றை எடுத்துச் சப்பைக்கட்டுக்குப் பயன்படுத்துகிறீர்கள். வாதம் எதுவரை நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்று பார்க்கலாம்.

ஹியூமிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஸ்காட்லாந்துத் தத்துவவாதியான அவர் 1739-இல், 27 வயதில் வெளியிட்ட நூலில், சொன்னது இது: எனக்குள் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் சூடு, குளிர், வெளிச்சம், நிழல், விருப்பு, வெறுப்பு, வலி, இன்பம் என்று ஏதாவது ஓர் உணர்வில்தான் போய் முட்டிக்கொள்கிறேன், இவை எதுவும் இல்லாத வெறும் 'நான்' கையில் அகப்படுவதே இல்லை. ஆகவே நான் என்பது வேகமாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் உணர்வுகளின் கட்டு, அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லிவிட்டு மனிதர் நிம்மதியாக இருந்துவிடவில்லை. அடுத்த வருடமே, நூலின் மூன்றாம் பாகத்தோடு சேர்த்த பின்னிணைப்பில், இந்தப் பகுதியை மறுபடி படித்துப் பார்த்தபோது வெளியே வர வழி தெரியாமல் மாட்டிக்கொண்டதாக ஒப்புக்கொண்டார். கட்டு என்றால் கட்டிய கயிறு எது? அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஹியூமைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் 1739-ஐத்தான் அழைக்கிறார்கள். 1740 பக்கம் யாரும் போவதில்லை. நீங்களும் போகவில்லை.

பௌத்தத்துக்கு வருவோம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மினாந்தரும் நாகசேனர் என்ற பிக்குவும் பேசியதாக அமைந்த பாலி நூல் மிலிந்த பஞ்ஹா. அதில் தேர் உவமை எல்லாருக்கும் தெரிந்தது. அரசே, தேரில் வந்தேன் என்கிறீர்கள்; சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா, இவை எல்லாவற்றையும் விட்டு வெளியே தனியாகத் தேர் என்று ஒன்று இருக்கிறதா? எதுவும் இல்லை. இவை சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயர் 'தேர்'. அதுபோல 'நாகசேனர்' என்பதும் ஒரு பெயர். உங்கள் வாதத்தின் முதல் பாதி இதுதான்.

இதற்கு நம் பக்கத்திலிருந்தே பலமான எதிர்ப்பு உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் மொத்தமே 12 சூத்திரம், 40 வரி. அதில் மூன்றாம் சூத்திரம் முழுக்க முழுக்க இந்தச் சண்டைதான்: ஆன்மா என்று ஒன்று உண்டு, அது உடம்பும் இல்லை, புலனும் இல்லை, மூச்சும் இல்லை. காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். முதல் காரணம் "உளதில தென்றலின்". ஒவ்வொன்றாகப் பார்த்து 'இது நான் இல்லை, இதுவும் நான் இல்லை, நான் என்றே ஒன்றும் இல்லை' என்று சொல்லி முடிக்கிறாயே, அப்படிச் சொல்லி முடித்தது யார்? இல்லை என்று அறிந்த ஓர் அறிவு இருக்கிறதே! எதுவுமே இல்லை என்கிற சூனியவாதியின் வாயாலேயே சூனியத்தை மறுக்கும் வித்தை. ஐரோப்பாவில் டெகார்ட் என்ற தத்துவவாதி இதன் அண்ணன் தம்பி மாதிரி ஒரு வாதத்தைச் சொல்ல இன்னும் ஏறக்குறைய 400 வருடம் ஆயிற்று.

அடுத்த காரணம் "எனதுட லென்றலின்". என் உடம்பு என்று சொல்கிறாய், ஆகவே உடம்பு உன்னுடையது, நீ அல்ல. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வேற்றுமை படித்தபோது தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டு சொல்லிக்கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? 'சாத்தனது வீடு' என்பது பிறிதின்கிழமை. வீடு வேறு, சாத்தன் வேறு. 'சாத்தனது கை' என்பது தற்கிழமை. கை சாத்தனிலேயே ஒரு பகுதி. 'எனது உடல்' என்பது இதில் எது? சித்தாந்திக்கு அது பிறிதின்கிழமை ஆக வேண்டும். உடம்புதான் நான் என்கிறவன் அதைத் தற்கிழமை என்பான். சொற்றொடர் இரண்டு பேருக்கும் இடம் கொடுக்கிறது. போதாக்குறைக்கு 'என் உயிர்' என்றும் சொல்கிறோம். அந்த 'என்' எங்கே நின்றுகொண்டு பேசுகிறது? வேற்றுமை உருபை வைத்து ஆன்மாவை நிறுவ முடியாது என்பது என் எண்ணம். மெய்கண்டாரின் மற்றக் காரணங்கள் இதைவிடக் கனமானவை. கண்ணுக்கு ஒலி தெரியாது, காதுக்கு நிறம் தெரியாது. இரண்டையும் சேர்த்து 'பார்த்ததும் கேட்டதும் ஒரே மணியை' என்று அறிகிற ஒன்று வேண்டும் என்பது இன்றைய மூளை ஆராய்ச்சியிலும் தீராத கேள்விதான்.

போகிற போக்கில் ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். மணிமேகலை பௌத்தக் காப்பியம். அதில் கப்பல் கவிழ்ந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனிடம் நாகர் தலைவன், உடம்பை விட்டுப் போன உயிர் இன்னோர் இடம் புகும் என்கிறாயே, அது எப்படி என்று கேட்கிறான். சாதுவன் சொல்கிற பதில், நிலையான ஆன்மா கிடையாது என்கிற அனாத்மவாதம் இல்லை. உயிர் இருக்கும்போது உடம்பு பட்டதை உணர்கிறது. உயிர் போனபின் வெட்டி எரித்தாலும் உணர்வதில்லை. ஆகவே அதிலிருந்து போனது ஒன்று உண்டு என்கிறான். கிட்டத்தட்டச் சித்தாந்தி பேசுவதுபோல இருக்கிறது. கள்ளும் ஊனும் தின்கிற கூட்டத்துக்கு முதல் நாளே பிறப்பு இறப்புச் சங்கிலி பற்றிய பன்னிரு நிதானத்தை விளக்க முடியாது என்று காப்பியத்தை எழுதிய சாத்தனார் நினைத்தாரோ என்னவோ. நிலையான ஆன்மா இல்லை என்பது பௌத்தத்தில்கூடத் தெருவில் நின்று கூவுகிற செய்தி அல்ல. வச்சகோத்தர் என்ற துறவி நேராக வந்து 'ஆன்மா உண்டா?' என்று கேட்டபோது புத்தர் பேசாமல் இருந்தார். 'அப்படியானால் இல்லையா?' என்று கேட்டபோதும் பேசவில்லை. அவர் போனபின் சீடர் ஆனந்தரிடம் காரணம் சொன்னார்: இல்லை என்று சொல்லியிருந்தால், முன்பு இருந்த ஆன்மா இப்போது தொலைந்துவிட்டது என்று அந்த மனிதர் இன்னும் குழம்பியிருப்பார்.

சரி, இந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள்? உங்கள் கேள்வியைப் பொறுத்தவரை யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். மெய்கண்டார் வாதம் வெற்றி பெற்றாலும், 'இல்லை' என்று சொல்லும் இந்த நொடியில் ஓர் அறிவு இருக்கிறது என்பதைத்தான் அந்த முதல் காரணம் நிறுவும். 25 வருடத்துக்கு முன் விடுதி அறையில் இருந்ததும் இதே அறிவுதான் என்பதை அது தனியாக நிறுவாது. நாகசேனர் ஜெயித்தாலும் நீங்கள் தப்ப முடியாது. ஏனென்றால் உங்கள் வாதத்தை மினாந்தரே அவரிடம் கேட்டுவிட்டார். பதிலும் வந்துவிட்டது.

ஒருவன் இன்னொருவரின் மாந்தோப்பில் திருடுகிறான். பிடித்து அரசன் முன் நிறுத்துகிறார்கள். திருடன் சொல்கிறான்: "இவர் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு மாங்காய். இவருடையதை நான் தொடவே இல்லை." தண்டனை உண்டா இல்லையா என்று நாகசேனர் கேட்கிறார். உண்டு என்கிறார் மினாந்தர். நட்டதிலிருந்துதானே பறித்தது வந்தது! ஒன்றோடு விடாமல் இன்னும் சில கதைகளை அடுக்குகிறார் நாகசேனர். எனக்குப் பிடித்தது தயிர்க் கதை. ஒருவன் இடையனிடம் ஒரு பானைப் பால் வாங்கி, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அங்கேயே வைத்துவிட்டுப் போகிறான். மறுநாள் வந்தால் பால் தயிராகியிருக்கிறது. "நான் உன்னிடம் தயிரா வாங்கினேன்? என் பாலைக் கொடு" என்று சண்டை பிடிக்கிறான். தயிர் அந்தப் பாலும் இல்லை, அதற்கு வேறும் இல்லை. முன்னிரவில் எரிந்த விளக்கின் சுடரும் நள்ளிரவுச் சுடரும் விடியற்காலைச் சுடரும் ஒன்றா? ஒன்று இல்லை. அதற்காக மூன்று விளக்கு எரிந்தது என்றும் சொல்ல முடியாது.

அனாத்மவாதிகளில் பெரிய ஆள் ஒருவர், தாம் அனாத்மவாதியாக இருந்துகொண்டே, உங்கள் வாதத்தை மாங்காய்த் திருடனின் வாயில் வைத்துச் சிரித்திருக்கிறார். அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நீங்கள் வரலாமா?

வேடிக்கை என்னவென்றால், மேற்கிலும் இந்தக் கேள்விக்குப் பழத் திருடன்தான் வருகிறான். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1694-இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் ஒரு புது அத்தியாயம் சேர்த்தார். ஆள் ஒன்றுதானா என்பதை உடம்பை வைத்தோ ஆன்மாவை வைத்தோ தீர்மானிக்க வேண்டாம், நினைவுணர்வு எதுவரை நீள்கிறதோ அதுவரை அதே ஆள் என்றார். கூடவே ஒரு வார்த்தை சொன்னார், அதைப் பலர் கவனிப்பதில்லை: 'ஆள்' என்பது வழக்குமன்றத்துச் சொல். செய்த காரியத்தையும் அதற்கான பலனையும் யார் கணக்கில் எழுதுவது என்பதற்காகப் பிறந்த சொல்.

1785-இல் தாமஸ் ரீட் என்ற தத்துவவாதி இதற்கு ஒரு கதை சொன்னார். ஒரு பையன் பழத்தோட்டத்தில் திருடிப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்குகிறான். பிறகு இளம் அதிகாரியாகிப் போரில் எதிரியின் கொடியைப் பறிக்கிறான். வயதானபின் தளபதி ஆகிறான். கொடி பறித்தபோது அடி வாங்கியது நினைவில் இருந்தது. தளபதிக்குக் கொடி பறித்தது நினைவிருக்கிறது, அடி வாங்கியது அடியோடு மறந்துவிட்டது. லாக்கின் கணக்குப்படி அதிகாரியும் பையனும் ஒரே ஆள், தளபதியும் அதிகாரியும் ஒரே ஆள். ஆனால் தளபதியும் பையனும் ஒரே ஆள் இல்லை. இது நடக்குமா? நினைவை மட்டும் நம்பினால் இந்தக் கதிதான்.

நினைவு அவ்வளவு நல்ல சாட்சியும் இல்லை. 1974-இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் 'மோதியபோது' என்ன வேகம் என்றும், சிலரிடம் 'நொறுங்க இடித்தபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, 'நொறுங்க' கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள்; 'மோதிய' கேட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆக, அந்த அறை, பெட்டியின் பூட்டு, பையனின் முகம் எல்லாம் 'அப்படியே கண் முன்னாடி நிற்கிறது' என்று நீங்கள் எழுதியிருப்பதில் எத்தனை வீதம் அன்றையது, எத்தனை வீதம் பிற்பாடு பூசியது என்று உங்களால் பிரிக்க முடியாது. ஆனால் நீங்கள் எடுத்தீர்கள், அவன் எடுக்கவில்லை என்பது பூசி வந்ததல்ல. இதைக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எடுக்கிறேன்.

மூன்றாவது பழத் திருடன் கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டின். 16 வயதில், வட ஆப்பிரிக்காவில் தம் ஊரான தகாஸ்தேயில், சேக்காளிகளோடு ராத்திரி ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கிக் காயெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். பசி இல்லை. வீட்டில் இதைவிட நல்ல காய் இருந்தது. பெரும்பகுதியைப் பன்றிக்குப் போட்டார்கள். இதை அவர் எழுதும்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஆள் பிஷப். கிட்டத்தட்ட உங்கள் வயது, உங்கள் இடைவெளி. ஆனால் அந்தப் பையன் வேறு ஆள் என்று அவர் சொல்லவில்லை. தாம் மாறவில்லை என்றும் சொல்லவில்லை. மாறியதைச் சொல்வதற்குத்தான் நூலே. மாறிய ஒருவர் மாறாத ஒரு கேள்வியை அந்தப் பையனிடம் கேட்கிறார்: ஏன் எடுத்தாய்? தனியாக இருந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன் என்பது வரைக்கும் தோண்டிப் போகிறார். சாதாரணப் பேரிக்காய்க்கு இவ்வளவு அழுகையா என்று கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. நானும் வாலிபத்தில் செய்திருக்கிறேன்.

உங்கள் கட்சிக்கு இருப்பதிலேயே நல்ல வக்கீல் ஆங்கிலத் தத்துவவாதி டெரிக் பார்ஃபிட். 1984-இல் வந்த நூலில் அவர் கேட்டார்: 90 வயதான, அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஒருவர், 20 வயதில் குடித்துவிட்டுச் சண்டை போட்டு ஒரு போலீஸ்காரரைக் காயப்படுத்தியது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இப்போது தண்டனை தகுமா? தகாமல் போகலாம் என்கிறார் பார்ஃபிட். இரண்டு காலத்து மனிதருக்கும் இடையில் உள்ள உளத் தொடர்பு நூல் நூலாக அறுந்துகொண்டே வருகிறது. தொடர்பு மெலிய மெலிய, தண்டனைக்கான தகுதியும் மெலியலாம். அவர் குற்றத்திலிருந்து நழுவப் பார்த்தவர் இல்லை. இந்தக் கொள்கை தமக்குள் ஒரு கண்ணாடிச் சுரங்கத்தை உடைத்ததுபோல இருந்தது, மற்றவர்களோடு நெருக்கம் கூடியது என்று எழுதியவர். இருந்தாலும் 25 வருடம், 19 வயது, பழைய ஆளின் சாயலே இல்லை என்றால், தண்டனை பற்றிய அவருடைய வாதம் உங்களுக்குப் பொருந்தும். மனப்பூர்வமாகவே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்களை யார் தண்டிக்க வந்தார்கள்?

நழுவல் இங்கேதான். தண்டனை வேறு, கடன் வேறு. செய்தவனுக்குத்தான் தண்டனை தர முடியும். ஆள் மாறினால் அநியாயம். கடனுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அப்பா வாங்கிய கடனை மகன் அடைக்கிறான். மகனும் அப்பாவும் ஒரே ஆளா என்று யாரும் கேட்பதில்லை. வேறு ஆள் என்று எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வீட்டையும் நிலத்தையும் ஏற்றுக்கொண்டவன் என்பதால் கடன் நோட்டையும் ஏற்றுக்கொள்கிறான். உங்கள் வாதத்தை முழுசாக ஒத்துக்கொண்டு, அந்த 19 வயதுக்காரன் இறந்துவிட்டான், நீங்கள் அவனுடைய வாரிசு என்றே வைத்துக்கொள்வோம். அவன் எழுதிய பரீட்சைக்குக் கிடைத்த பட்டத்தை யார் ரெஸ்யூமேயில் போட்டிருக்கிறார்கள்? அவன் சேர்த்த சிநேகிதர்கள் யார் கல்யாணத்துக்கு வந்தார்கள்? இப்போதைய நான் வேறு ஆள் என்று சொல்லிப் பழைய பி.எஃப். பணத்தைத் திருப்பிக் கொடுத்த அனாத்மவாதியை நான் இதுவரை பார்த்ததில்லை. சொத்துக்கு வாரிசு, கடனுக்கு அந்நியன் என்றால் அதற்குப் பெயர் தத்துவம் இல்லை.

கடன் எவ்வளவு? 600 ரூபாய் என்று நினைக்காதீர்கள். அது அறைத் தோழனுக்கு. வட்டி போட்டாலும் சின்னத் தொகை. பெரிய கடன் ஒரு தகவல்.

இதுதான் திரும்ப எடுக்கிறேன் என்று சொன்ன விஷயம். பணம் காணாமல் போன அன்று அங்கே இருந்தவர்களுக்கு என்ன தெரியும் என்று வரிசையாகப் பாருங்கள். மெஸ் பையனுக்குத் தான் எடுக்கவில்லை என்று தெரியும். யார் எடுத்தார்கள் என்று தெரியாது. அறைத் தோழனுக்குப் பணம் போனது தெரியும். பையன்தான் எடுத்தான் என்று நம்புகிறார், அது பொய். வேலையை விட்டு அனுப்பியவர்களும் அப்படியே. அந்தப் பையன் திருடன் இல்லை என்பதையும் திருடியது யார் என்பதையும் சேர்த்து அறிந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர். அந்த அறிவு வேறு எந்த இடத்திலும் எழுதப்படவில்லை. நாளைக்கு நீங்கள் போய்விட்டால் அதுவும் போயிற்று. அதற்கப்புறம் அந்தப் பொய்தான் நடந்தது என்றாகிவிடும்.

"தன்நெஞ் சறிவது பொய்யற்க" என்ற குறளை மனசாட்சி பற்றிய உபதேசமாகத்தான் எல்லாரும் படிக்கிறோம். அதன் நடுவில் இருக்கும் சொல் 'அறிவது'. தன் நெஞ்சு அறிந்த ஒன்றைப் பற்றித்தான் பேச்சு. பிறகு "தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்கிறார். சுடுவதும் தன்னது, சுடப்படுவதும் தான். ஒரே ஆளா, இரண்டு பேரா? வள்ளுவர் அந்த வம்புக்கே போகவில்லை. அறிந்தவன் அறிந்ததை மறைத்தால் சுடும், அவ்வளவுதான். உங்கள் தூக்கம் கெடுவதற்கு 'நான்' பற்றிய கொள்கை காரணம் இல்லை, அதை மாற்றிக்கொண்டால் தூக்கம் வந்துவிடும் என்பதும் இல்லை.

சாட்சிக்கு இன்னும் ஒருவரைக் கூப்பிடுகிறேன். இதுவும் திருட்டுப் பழி சம்பந்தப்பட்டதுதான். கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியனுக்கு இளங்கோ மூன்று சமாதானங்களை எடுத்து வைத்திருக்கிறார். ஒன்று, "வினைவிளை காலம்". விதி முற்றிய நேரம் அது, அரசன் ஆராயாமல் விட்டான் என்று கவியே சொல்கிறார். இரண்டு, கொல்லன் வந்து சொன்ன சொல். மூன்று, ஆணையிலேயே ஒரு 'ஆகில்' இருக்கிறது: சிலம்பு கள்வன் கையில் இருக்குமாகில் கொன்று கொண்டு வாருங்கள் என்றுதான் ஆணை. நம் காலத்து வக்கீல் கையில் இந்த மூன்றும் கிடைத்தால் போதும், வழக்கே நிற்காது. கண்ணகி வந்து வைக்கிற குற்றச்சாட்டோ "தேரா மன்னா" என்பது. கொலைகாரா என்று அழைக்கவில்லை. தேர்தல் என்றால் ஆராய்தல். நீ அறிய முயலவில்லை என்பதுதான் முதல் புகார்.

சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபின் அவன் சொல்வது: "பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்". இந்த வாக்கியத்தின் இலக்கணத்தைக் கொஞ்சம் பாருங்கள். 'கொல்லன் சொல்லைக் கேட்டதால்' என்று வந்திருந்தால் அது சாக்கு. 'கேட்ட' என்ற பெயரெச்சமாக, 'யான்' என்பதற்கு அடைமொழியாக, கொல்லனைத் தனக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்கிறான். கேட்டவன் நான். பிறகு இரண்டு 'யான்'. ஒன்றில் ஓகாரம் ஏறி அரசன் என்பதை மறுக்கிறது. இன்னொன்றில் ஏகாரம் ஏறிக் கள்வன் என்பதை உறுதி செய்கிறது. 'யான் யார்' என்பதைத் தேடிக் கண்டுபிடித்து அவன் சொல்லவில்லை. அந்த இடத்தில் சொல்லித்தான் அது அவன் ஆகிறது. லாக் வழக்குமன்றத்துச் சொல் என்றாரே, அதற்கு வழக்குரை காதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அவன் அந்த இடத்திலேயே விழுந்து செத்ததை நான் மெச்ச மாட்டேன். தண்டனையைத் தனக்குக் கொடுத்துக்கொண்டான், கடனை அப்படியே விட்டுப் போனான். அடுத்து வந்த வெற்றிவேற்செழியன் என்ன செய்தான் என்பது வஞ்சிக் காண்டத்தில் சில வரிகளில் கடந்து போகும். ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் பத்தினிக்குப் பலி கொடுத்தான். முன்னவன் 'யானே' என்று சொன்னதைப் பின்னவன் மறுபடி எடுத்து, ஒரு தொழில்காரக் கூட்டத்தின் தலையில் கட்டிவிட்டான். பழி போவதற்கு இடம் வேண்டும். மேலே யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் அது பலமில்லாதவன் மேல்தான் இறங்கும். உங்கள் விடுதியில் அது தட்டுக் கழுவுகிறவன் மேல் இறங்கியது.

என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் தத்துவக் கேள்வி இதோடு தீர்ந்துவிட்டது. அறைத் தோழனிடமிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் செட்டுக்கு ஒரு வாட்சாப் குழு இல்லாமல் இருக்காது. குழுவில் போடாதீர்கள், அது நாடகம். தனியாகப் பேசுங்கள். அப்புறம் அந்த விடுதியில் அப்போது வேலை பார்த்தவர்கள் யாராவது அந்த ஊரில் இருப்பார்கள். மெஸ் வேலைக்கு ஆட்கள் பெரும்பாலும் ஒருவர் சொல்லி இன்னொருவர் என்றுதான் வருவார்கள், அதனால் விசாரித்தால் ஏதாவது ஒரு நுனி கிடைக்கக்கூடும். கிடைக்காமலும் போகலாம்.

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று உறுத்தியது. உங்களைப் பற்றி எழுதும்போது, அன்றைக்கு இருந்தவன் வேறு, இன்றைக்கு இருப்பவர் வேறு என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறீர்கள். அந்த மெஸ் பையனைப் பற்றி எழுதும் ஒவ்வொரு இடத்திலும் 'பையன்', 'அவன்'. அதைப் பார்த்து நானும் மேலே அப்படியே எழுதிவிட்டேன். அவருக்கும் இப்போது நாற்பதுக்குப் பக்கத்தில் வயதாகியிருக்கும்.